ஊருக்கு முன்னால் உள்ள கடல்

லௌதோக்கா, பிஜி

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். அதுபோல நீங்களும் தங்கச்சியும் சுகமாயிருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டுகிறேன். யசாவாத் தீவுகளுக்குப் போய் வந்த கதையைப் போனில் ஆறுதலாகச் சொல்ல முடியவில்லை. அப்பா கட்டாயம் கேட்க வேண்டிய கதை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் எஞ்சின் திருத்துகிற படகுத்துறைக்கு நியூசிலாந்திலிருந்து வயதான புருசனும் மனிசியும் பாய்மரப் படகில் வந்திருந்தார்கள். எஞ்சின் தெரிந்த ஒரு ஆள் கூட வந்தால் நல்லது என்றார்கள். முதலாளியும் லீவு தந்தார். இங்கே கார்த்திகையிலிருந்து சித்திரை வரைக்கும் புயல் காலம். அது கழிந்த பிறகுதான் இப்படிப் படகுகள் தீவுகளுக்குள் ஓடும். தென்கிழக்குக் காற்று சீராக அடிக்கும், பாயை விரித்தால் எஞ்சினுக்குப் பெரிய வேலை இல்லை.

ஆனால் பொல்லாத கடல். முருகைக்கல் தண்ணீருக்கு அடியில் தூண் தூணாக நிற்கும். வெயில் உச்சிக்கு ஏறின பிறகுதான் கற்களுக்குள்ளே படகை விடுவோம், சரிந்த வெயிலில் அடி தெரியாது. நான் படகின் முன்பக்கம், அணியத்தில் நின்று தண்ணீரின் நிறம் பார்ப்பேன். கடும் நீலம் என்றால் ஆழம், பச்சை என்றால் தண்ணீர் குறைவு, மண்ணிறம் என்றால் கல். மட்டக்களப்பு வாவியில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத் தோணி விட நீங்க பழக்கினது எனக்கு அங்கே கைகொடுத்தது, அப்பா.

வாயாத் தீவில் ஒரு ஊருக்கு முன்னால் நங்கூரம் போட்டோம். போட்ட உடனே யாரும் தண்ணீரில் குதிக்கவில்லை, தூண்டில் போடவில்லை. முதலில் ஊருக்குள் போய்த் தலைவரைக் காண வேண்டும். இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா என்ற செடியின் வேரை, லௌதோக்காச் சந்தையில் ஒரு கட்டாக வாங்கிக் கொண்டு போனோம். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கழற்றி, தோளில் தொங்கின பையைக் கையில் எடுத்துக்கொண்டு, நான் சாரனோடு போனேன். அங்கேயும் ஆம்பிளைகள் சாரன் மாதிரித்தான் கட்டுகிறார்கள். பாயில் சம்மணமிட்டு இருந்தோம். வேர்க்கட்டைத் தலைவருக்கு முன்னால் பாயில் வைத்தோம். அவர்கள் பாசையில் நீளமாக ஏதோ சொல்லி, அவர் அதைத் தொட்டு ஏற்றுக்கொண்டார், எல்லாரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு நாங்கள் அந்த ஊரின் விருந்தாளிகள். நீந்தலாம், நடக்கலாம், எங்களுக்கு ஒன்று நடந்தால் ஊரே பொறுப்பு.

ஊருக்கு முன்னால் உள்ள கடலில், வெளிப்பக்கத்து முருகைக்கல் வரைக்கும், மீன்பிடிக்கும் உரிமை வழிவழியாக அந்தச் சனத்துக்குத்தான். அரசாங்கமும் அதைப் பதிந்து வைத்திருக்கிறது. பெரிய தலைவர் ஒருவர் செத்தால் 100 இரவுக்குக் கடலில் ஒரு பகுதியை மூடிவிடுவார்களாம், ஒரு வலையும் இறங்காது. முடிகிற நாளில் அந்த மீனைப் பிடித்து ஊரே சாப்பிடும். நம்ம ஊரில் வெளிச்சம் பாய்ச்சி மீனை வழிச்செடுக்கிற வெளியூர்ப் படகுகளைப் பார்த்து நீங்க கரையில் பேசாமல் நின்றது ஞாபகம் வந்தது. அவர்களில் ஒருத்தராவது வந்து கேட்டிருந்தால், நீங்க இல்லை என்றா சொல்லியிருப்பீங்க?

அடுத்த நாள் ஒரு பொடியனின் வெளி எஞ்சினைத் திருத்திக் கொடுத்தேன். காபரேட்டரில் உப்புப் படிந்திருந்தது, அவ்வளவுதான். பின்னேரம் அவனுடைய தாய் மரவள்ளிக் கிழங்கும் பப்பாசியும் கொண்டு வந்தா. கொக்கோண்டாவும் தந்தா. அம்மா, அதற்கு அடுப்பே வேண்டாம்: பச்சை மீனைத் துண்டாக்கித் தேசிப்புளியில் வெள்ளையாகும் வரைக்கும் ஊறவைத்து, தேங்காய்ப்பாலும் வெங்காயமும் கொச்சிக்காயும் சேர்க்கிறது. முதல் வாய்க்குப் பயந்தேன், பிறகு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இரவில் யங்கோனா வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்து, சிரட்டையில் தருவார்கள். வாங்குமுன் ஒரு தரம் கை தட்டி, குடித்து முடித்ததும் மூன்று தரம் தட்ட வேண்டும். நாக்கு விறைக்கும். சாராயம் இல்லை, அம்மா, பயப்பட வேண்டாம். அங்கே ஒரு வயதானவர் 2016 மாசியில் பிஜியை அடித்த வின்ஸ்டன் புயலைப் பற்றிச் சொன்னார். நான் 1978 கார்த்திகையில் மட்டக்களப்பில் தென்னந்தோப்புகள் படுத்ததை, அம்மா சொன்னபடியே சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தபடி, கூரை போனதா, கிணற்றுத் தண்ணீர் உப்பாகினதா, எப்படி மீண்டீங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரிந்ததை எல்லாம் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் வெளியாள் இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் நாண்டி முருகன் கோயிலுக்குப் போகிறேன். 1903 முதல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தமிழ்ச் சனத்தின் வழிவந்தவர்கள் நடத்துகிற கோயில் அது. கனபேருக்குத் தமிழ் பேச வராது, ஆனாலும் ‘அரோகரா’ என்று கூப்பிடுகிறார்கள்.

காசு இந்த மாதமும் பாங்கில் போட்டிருக்கிறேன். தங்கச்சியிடம் சொல்லுங்க, மருதமுனைக் கைத்தறிச் சாரன் இரண்டு வாங்கி அனுப்பட்டும். ஒன்று தலைவருக்கு, மற்றது அந்த வயதானவருக்கு. கரை கொஞ்சம் அகலமாக, நல்ல நீலத்தில் பார்த்து எடுக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்