ஷெல் மருத்துவமனை முன்பு தமிழில் வரலாற்றுப் பலகை வைக்கக் கோரி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் மற்றும் ஊர்மக்கள், வேலூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், வேலூர் மாவட்டம்.

பொருள்: ஆரணி சாலை ஷெல் மருத்துவமனையின் வரலாற்றைச் சொல்லும் பலகை அமைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

ஷெல் என்றால் இன்று எல்லாருக்கும் கண் ஆஸ்பத்திரிதான். அது 1902-இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று 40 படுக்கைகளோடு திறக்கப்பட்டது என்பது என்னிடம் படித்த பிள்ளைகளுக்கே தெரியவில்லை. அதில் என் குறையும் உண்டு.

ராணிப்பேட்டையில் 1870-இல், அமெரிக்க மிஷனரி மருத்துவர் குடும்பத்தில் பிறந்தவர், இந்த மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர். மருத்துவராகும் எண்ணமே அவருக்கு இல்லை. திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். அப்பா வரத் தயாராக இருந்தார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று தாய்மாரும் பிழைக்கவில்லை. அதற்கு அப்புறம்தான் ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். திரும்பி வந்து 1900-இல், வேலூரில் குடியிருந்த பங்களாவிலேயே ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்.

மருத்துவமனை கட்ட 10,000 டாலர் தந்தவர் ராபர்ட் ஷெல் என்ற அமெரிக்க வங்கியாளர். மறைந்த மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாகத் தந்தார். பெயர் வந்தது அப்படித்தான். பெட்ரோல் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1909-இல் தாதியர் பயிற்சி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, பிறகு இன்றைய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) என எல்லாம் அடுத்தடுத்து வளர்ந்தன.

மருத்துவமனை நிர்வாகத்தின் சம்மதத்தோடு, சாலையோரம் நிழலான இடத்தில் ஒரு பலகை வைக்க ஆவன செய்ய வேண்டுகிறோம். தமிழ் முதலில் இருக்கட்டும். கீழே வங்காளமும் ஆங்கிலமும் வரலாம். வைத்தியத்துக்கு வரும் வங்காள மக்களுக்காக ஊரில் பாதிக் கடைகள் பெயர்ப்பலகையை அவர்கள் மொழியில் எழுதியிருக்கும்போது, இதை மட்டும் ஏன் விட வேண்டும்? கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் இதே வரலாற்றுக்கு ஒரு சிறு மூலை கிடைத்தாலும் மகிழ்ச்சி.

ஒன்றே ஒன்று: 1900 என்பது ஒற்றைப் படுக்கை தொடங்கிய ஆண்டு, 1902 ஷெல் மருத்துவமனை திறந்த ஆண்டு. பலகையில் இரண்டும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுத வேண்டிய வாசகத்தின் கைப்பிரதியை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
வேலூர் ஊர்மக்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்.