பிரசார் பாரதி: சட்டம் சொன்ன இரு குழுக்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வானொலி நிலையங்களில் நிலவும் ஆள் பற்றாக்குறை குறித்துத் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளியான செய்தியைப் படித்தேன். அதில் நான்கு இடங்களில் 'மத்திய அரசின் வானொலி' என்ற தொடர் வந்திருந்தது. சட்டப்படி அது பிழை. 1997 நவம்பர் 23 முதல் அகில இந்திய வானொலியும் தூர்தர்ஷனும் பிரசார் பாரதி என்னும் தன்னாட்சிக் கழகத்தின் இரு பிரிவுகளாக இயங்கி வருகின்றன. ஆனாலும் செய்தியாளர்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாணவன் தவறான விடை எழுதினால் அவன் ஏன் அப்படி எழுதினான் என்று பார்ப்பது, நெடுங்காலம் வகுப்பறையில் நின்றதால் எனக்கு வந்த பழக்கம். தங்கள் செய்தியாளர் ஏன் அப்படி எழுதினார் என்பதைப் பற்றித்தான் இக்கடிதம்.

பிரசார் பாரதி சட்டம் எளிதில் வந்துவிடவில்லை. வானொலியை அரசுத் துறையிலிருந்து பிரித்துத் தனிக் கழகமாக்க வேண்டும் என்று ஏ.கே.சந்தா தலைமையிலான குழு 1966-இலேயே சொன்னது. அது கிடப்பில் கிடந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் வானொலி யாருக்கு ஊதுகுழலாக இருந்தது என்பதை நாடே கேட்ட பிறகு, ஜனதா அரசு அமைத்த பி.ஜி.வர்கீஸ் குழு 1978-இல் 'ஆகாஷ் பாரதி' என்ற பெயரில் தேசிய அறக்கட்டளை ஒன்றையே பரிந்துரைத்தது. வி.பி.சிங் ஆட்சியில் 1990-இல் இப்போதுள்ள சட்டம் நிறைவேறியது. நிறைவேறிய சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவர மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின. இடையில் 1995 பிப்ரவரியில், வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில், அலைக்கற்றை பொதுச் சொத்து என்றும், அதில் அரசுக்கும் ஏகபோகம் கூடாது, தனியாருக்கும் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வந்திராவிட்டால் 1997-இலும் இச்சட்டம் உயிர்பெற்றிருக்குமா என்பது எனக்கு ஐயமே.

கழகத்தின் அமைப்பைத் தாளில் பார்த்தால் நன்றாகவே இருக்கிறது. மேலே ஒரு வாரியம். அதில் தலைவர், தலைமை நிர்வாக அதிகாரி, நிதிக்கும் பணியாளர் விவகாரத்துக்கும் தனித்தனி உறுப்பினர்கள், பகுதிநேர உறுப்பினர்கள் ஆறு பேர், வானொலி, தூர்தர்ஷன் தலைமை இயக்குநர்கள், அமைச்சகத்தின் பிரதிநிதி ஒருவர், ஊழியர்களின் பிரதிநிதிகள் இருவர். தலைவரையும் முக்கிய உறுப்பினர்களையும் மாநிலங்களவைத் தலைவர், பத்திரிகைக் கவுன்சில் தலைவர், குடியரசுத் தலைவரின் நியமனதாரர் ஆகிய மூவர் குழு பரிந்துரைக்க வேண்டும். ஆளுங்கட்சியின் கை நேரடியாகப் படாதபடி யோசித்துச் செய்த ஏற்பாடு அது. நடைமுறை வேறாகப் போயிற்று. முதல் தலைமை நிர்வாக அதிகாரியான எஸ்.எஸ்.கில், வயது வரம்பைத் திரும்பக் கொண்டுவந்த ஓர் அவசரச் சட்டத்தால் 1998-இல், பதவியேற்று ஓராண்டு நிறைவதற்குள், வெளியேற நேர்ந்தது. 2020 பிப்ரவரி முதல் 2024 மார்ச் வரை, அதாவது முழுதாக நான்கு ஆண்டுகள், கழகத்துக்குத் தலைவரே இல்லை. ஊழியர்களைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டிய பணியாளர் தேர்வு வாரியம் 2020-இல்தான் அமைக்கப்பட்டது. ஆள் பற்றாக்குறை ஏன் என்று தங்கள் செய்தி கேட்டிருந்தது. விடையில் ஒரு பாதி இங்கே இருக்கிறது.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது சட்டத்தின் 13, 14-ஆம் பிரிவுகள். 13-ஆம் பிரிவு, கழகம் தன் கடமையைச் செய்கிறதா என்று கண்காணிக்க 22 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றக் குழு ஒன்றைக் கேட்கிறது. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். 14-ஆம் பிரிவு, பொதுவாழ்வில் மதிப்புப் பெற்றவர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரும் அடங்கிய ஒலிபரப்புக் கவுன்சில் ஒன்றைக் கேட்கிறது. ஒரு செய்தி ஒருபக்கச் சார்பாக இருந்தது, ஒரு நிகழ்ச்சி ஒரு சமூகத்தைப் புண்படுத்தியது என்று கருதும் எந்தக் குடிமகனும் முறையிடுவதற்கான இடம் அது. இவ்விரண்டும் சட்டப்புத்தகத்தில் அச்சாகி இருப்பதோடு சரி. ஆட்சிகள் மாறின, ஒருவரும் அமைக்கவில்லை. சாம் பிட்ரோடா தலைமையிலான குழு 2014 ஜனவரியில் அளித்த அறிக்கையிலும் நாடாளுமன்றக் குழுவை வலியுறுத்தியது. அதற்குப் பிறகும் ஒன்றும் நடக்கவில்லை.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2023 மே மாதம், 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயரை இனிப் பயன்படுத்த வேண்டாம், 'ஆகாசவாணி' என்றே சொல்ல வேண்டும் என்று டெல்லியிலிருந்து உத்தரவு வந்தது. தமிழ்நாட்டில் எதிர்ப்பும் எழுந்தது. அந்த உத்தரவுக்குக் காட்டப்பட்ட காரணம், 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பெயர்தான் இருக்கிறது என்பது. பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று, சட்டம் நடைமுறைக்கு வந்து கால் நூற்றாண்டு கழித்துத் தேடிக் கண்டுபிடித்தவர்களின் கண், இன்னும் சில பக்கங்கள் புரட்டியிருந்தால் 13-ஆம் பிரிவிலும் பட்டிருக்கும்.

அடுத்தது பணம். என் தகப்பனார் மர்பி ரேடியோ ஒன்று வைத்திருந்தார். அதற்கு உரிமம் உண்டு. ஆண்டுதோறும் அஞ்சலகத்துக்குப் போய்ப் பதினைந்து ரூபாய் கட்டி, உரிமப் புத்தகத்தில் அதற்கென உள்ள வில்லையை ஒட்டி முத்திரை குத்தி வாங்கி வருவார். சிறுவனாக நானும் உடன் போயிருக்கிறேன். பணம் கட்டியவர் என்ற உரிமையோடு, நாடகம் சரியில்லை என்றால் நிலையத்துக்கு அஞ்சலட்டை எழுதுவார். பெரும்பாலும் பதிலும் வரும். அந்த உரிமக் கட்டணம் எண்பதுகளின் நடுவில் எடுக்கப்பட்டது. ஏழைகளிடம் வசூலிக்கும் செலவையும் தொல்லையையும் நினைத்தால் எடுத்தது சரியே. ஆனால் அதனிடத்தில் வேறொன்றும் வைக்கப்படவில்லை. 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உரிமக் கட்டண வசூல் 'ஏதேனும் இருந்தால்' அதையும், தேவை என்று அரசு கருதும் பிற தொகைகளையும் கழகத்துக்கு வழங்கலாம் என்கிறது. முதலாவது இல்லை, ஆகவே மிஞ்சுவது இரண்டாவது, அதாவது அரசு எவ்வளவு கருதுகிறதோ அவ்வளவு.

இன்றைய நிலையில், 2007 அக்டோபர் 5-க்கு முன் பணியில் சேர்ந்தவர்கள் கழகத்துக்கு அயற்பணியில் வந்த அரசு ஊழியர்களாகவே கருதப்படுகிறார்கள். ஊதியத்துக்கென மத்திய அரசு ஆண்டுக்குச் சுமார் 2,500 கோடி ரூபாய் மானியமாகத் தருகிறது. நிகழ்ச்சித் தயாரிப்பு, மின்கட்டணம், பராமரிப்பு போன்ற அன்றாடச் செலவுகளைக் கழகம் விளம்பரத்திலிருந்தும், தூர்தர்ஷனின் கட்டணமில்லா டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்களுக்கு ஏலம்விடும் இடங்களிலிருந்தும் ஈட்டிக்கொள்ள வேண்டும். கோபுரம், ஒலிபரப்பி போன்ற முதலீடுகளுக்குத் தனித் திட்டம். 2023 ஜனவரியில் இதற்கென 2,539 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தொகை குறைவு என்பது என் வாதமன்று. அது எந்தக் கைவழியாக வருகிறது என்பதே கேள்வி. நாடாளுமன்றம் ஒதுக்கும் பணம் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் மேசையைத் தாண்டித்தான் கழகத்துக்குப் போகிறது. 2018 தொடக்கத்தில் அமைச்சகத்தின் சில கோரிக்கைகளை வாரியம் ஏற்க மறுத்தது. ஊதியத்துக்கான நிதி சில மாதங்களாக விடுவிக்கப்படவில்லை என்றும், அவசரச் செலவுக்கென வைத்திருந்த பணத்தை எடுத்து ஊதியம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றும் அப்போதைய தலைவர் ஏ.சூர்யபிரகாஷ் வெளிப்படையாகவே சொன்னார். அமைச்சகம் அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்த அரசே நியமித்த தலைவர் அப்படிப் பேச நேர்ந்தது என்பதே போதும்.

இதெல்லாம் டெல்லிச் சண்டை, திருத்துறைப்பூண்டிக்காரனுக்கு என்ன என்று கேட்கலாம். எங்கள் தஞ்சைத் தரணியில் அறுபதுகளில் ஏடிடி 27 என்ற நெல் வந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ரகம். திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளில் அதை எப்போது நாற்றுவிடுவது, எவ்வளவு உரமிடுவது என்று திரும்பத் திரும்பச் சொன்னதால், விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடைகளில் விதை கேட்கும்போதும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். பக்கத்து ஊர் மண்ணும் தண்ணீரும் அறிந்த ஒரு நிலையம் பேசியதால் நடந்தது அது. இன்று பல நிலையங்களில் உள்ளூர் நிகழ்ச்சிக்கான நேரம் சுருங்கி, தலைமை நிலையத்தின் நிகழ்ச்சியை வாங்கி அப்படியே ஒலிபரப்பும் நேரம் கூடிக்கொண்டே போகிறது. ஆளில்லை, பணமில்லை என்பதால் செய்யும் சிக்கனம் அது. சென்னையில் பேசுபவருக்கு முள்ளியாற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பி வரப் பல நாள்கள் ஆயின. கைப்பேசிக் கோபுரங்கள் சாய்ந்துவிட்டன. எல்லார் வீட்டிலும் பெரிய தொலைக்காட்சி இருந்தது; கேட்க ஒன்றும் இல்லை. பரணிலிருந்த பழைய டிரான்சிஸ்டரைத் துடைத்து இரண்டு பேட்டரிக் கட்டைகளைப் போட்டபோது, மாநிலச் செய்தி கேட்கத் திண்ணையில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப இன்றும் அனுமதியில்லை என்பதை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். வானொலியில் செய்தி சொல்லும் உரிமையை ஒரே ஓர் அமைப்பிடம் கொடுத்துவிட்டு, அந்த அமைப்பின் சம்பளப் பட்டியலை ஓர் அமைச்சகத்திடம் விட்டுவைத்திருக்கிறோம்.

என்னிடம் படித்த பெண் ஒருவர் ஒரு வானொலி நிலையத்தில் தற்காலிக அறிவிப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தார். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. மாதத்துக்கு ஆறு நாள் பணி, அதற்குமேல் கிடையாது. மீதி நாள்களுக்கு ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். பொங்கலன்று காலை ஐந்தரை மணிக்கு நிலையத்தைத் திறந்துவைப்பது பெரும்பாலும் அவர் குரலாகவே இருக்கும். கடைசியில் கடை வேலையே நிலையானது என்று இதை விட்டுவிட்டார். இப்படி நடத்தினால் தமிழை நன்றாக உச்சரிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை நாள் தங்குவார்கள்?

பிற நாடுகளிலும் இச்சிக்கல் இல்லாமல் இல்லை. பிபிசியின் உரிமக் கட்டணம் எவ்வளவு என்பதை அங்கும் அரசுதான் முடிவு செய்கிறது. ஆயினும் பணம் நேயரின் வீட்டிலிருந்து வருகிறது என்பதும், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை சாசனம் புதுப்பிக்கப்படுகிறது என்பதும் ஓரளவு காப்பாக நிற்கின்றன. ஜெர்மனியின் முறை எனக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அங்கே வீட்டுக்கு இவ்வளவு என்ற பங்களிப்புத் தொகையைச் சுயேச்சையான நிபுணர் குழு கணக்கிட்டுச் சொல்கிறது. ஒரு மாநிலம் 2020-இல் அந்த உயர்வுக்கு ஒப்புதல் தராமல் முடக்கியபோது, அது ஒலிபரப்புச் சுதந்திரத்தை மீறுவது என்று 2021-இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் வீட்டுவரியோடு வானொலி வரியையும் வசூலிக்கச் சொன்னால் நானே எதிர்ப்பேன். ஐந்தாண்டுக்கு இவ்வளவு என்று நாடாளுமன்றம் முன்கூட்டியே நிர்ணயித்து, அது அமைச்சகத்தின் விருப்பத்துக்குக் காத்திராமல் கழகத்தின் கணக்குக்கு நேரே போகும்படி 17-ஆம் பிரிவைத் திருத்துவது நம்மால் முடியாததன்று. அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும், ஆகவே நாளாகும்.

13, 14-ஆம் பிரிவுகளுக்குத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை. அவை இப்போதே சட்டத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேரையும் மாநிலங்களவைக்கு 18 பேரையும் அனுப்பியிருக்கிறோம். தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை அவைக்கு வரும்போது, அல்லது அதற்கு முன்பே கேள்வி நேரத்தில், இவ்விரு குழுக்களையும் எந்தத் தேதிக்குள் அமைப்பீர்கள் என்று இவர்களில் ஒருவராவது கேட்டுப் பதிலை எழுத்தில் பெற வேண்டும். எங்கள் தொகுதி உறுப்பினருக்கு இக்கடிதத்தின் நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மற்ற தொகுதிகளின் உறுப்பினர்களிடம் தங்கள் செய்தியாளர்கள் இதே கேள்வியைக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலைப் பெயரோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
திருத்துறைப்பூண்டி.