சால்ஸ்பர்கை மட்டும் விட்டுவிடு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய எக்செல் பட்டியலை உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மியூனிக்கில் கிளம்பி சால்ஸ்பர்க், வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் என்று நாலு ஊர். பெந்தெகொஸ்தே திங்கள் லீவு என்பதால் அன்றைக்கு ராத்திரி பஸ் ஏறி, செவ்வாய் காலையில் இறங்கி நேராக லேபுக்கு. தலைக்கு 250 யூரோவுக்குள் முடியும் என்று கீழே கூட்டியும் போட்டிருக்கிறாய். கூட்டல் சரிதான். சாப்பாட்டுக்கு ஒதுக்கிய தொகையைப் பார்த்தால் நாலு பேரும் ரொட்டியும் வாழைப்பழமுமாகத்தான் காலம் தள்ளவேண்டும் போலிருக்கிறது. அது உங்கள் பாடு.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சால்ஸ்பர்கை விட்டுவிடு. ஊர் மோசம் என்பதற்காக இல்லை. மியூனிக்கில் இருப்பவர்களுக்கு அது பக்கத்து ஊர். பவேரியா மாநிலத்துக்கான ஒருநாள் ரயில் டிக்கெட் ஒன்றை ஐந்து பேர் வரை பங்கு போட்டு வாங்கினால் சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரை அதே டிக்கெட்டில் போகலாம். எந்தச் சனிக்கிழமையும் காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். அதைப் போய் இந்த மூன்று நாளுக்குள் திணித்து, இரண்டு மணி நேரம் கோட்டையை அண்ணாந்து பார்த்துவிட்டு ஓடுவானேன்?

அதை எடுத்துவிட்டால் மிச்சம் மூன்று ஊரும் டான்யூப் கரையில் வரிசையாக இருக்கின்றன. கதையும் வரிசையாக வரும். 1526-இல் ஹங்கேரி ராஜா மொஹாச் போரில் துருக்கியரிடம் தோற்றுச் செத்தார். 1529-இல் அவர்கள் வியன்னாவையே முற்றுகையிட்டார்கள், பிடிக்க முடியவில்லை. 1541-இல் புடா, அதாவது இன்றைய புடாபெஸ்டின் மேற்குக் கரைப் பாதி, அவர்கள் கைக்குப் போனது. ஹங்கேரியின் தலைநகரம் பிராட்டிஸ்லாவாவுக்கு இடம்பெயர்ந்தது. 1683-இல் வியன்னாவை மறுபடி முற்றுகையிட்டுத் தோற்றபின், 1686-இல் புடாவும் துருக்கியர் கையை விட்டுப் போனது. இதை ரயிலில் ஒருமுறை படித்துக்கொண்டால் போதும், மூன்று ஊரிலும் கைடே வேண்டாம். துருக்கியர் விட்டுப்போன மூட்டைகளிலிருந்துதான் வியன்னாவுக்குக் காபி வந்தது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வா. அங்கே முதல் காபிக் கடை உரிமம் 1685-இல் ஒரு ஆர்மீனிய வணிகருக்குக் கொடுத்ததாகத்தான் ஆவணம் சொல்கிறது.

நாங்கள் ஆபீஸ் நண்பர்கள் போனது 2008 வசந்தத்தில். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் ஸ்லோவாக்கியாவும் ஹங்கேரியும் ஷெங்கன் என்கிற பொது விசா வட்டத்துக்குள் வந்திருந்தன. அதுவரை எங்கள் மாதிரி இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு வியன்னாவோடு சரி. ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிற ஊருக்குத் தனி விசா வாங்கிக்கொண்டு யார் போவார்கள்? அந்த வருஷம் ரயில் எல்லையைத் தாண்டும்போது நாங்கள் எல்லோரும் பாஸ்போர்ட்டைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கேட்க ஆளே வரவில்லை. நீயும் பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டு இரண்டின் அசலையும் எடுத்துப்போ. ஃபோனில் இருக்கிற படம் உதவாது. ஷெங்கன் என்றாலும் நடுவில் ஏறிப் பார்ப்பார்கள்.

வியன்னாவில் வெள்ளி, சனி இரண்டு ராத்திரியும் தங்குங்கள். தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதே. 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீரை அந்த ஊருக்குக் குழாய் போட்டுக் கொண்டுவருகிறார்கள். குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் கடைக்குப் போய்விடு. அப்போது மூடுகிற சூப்பர் மார்க்கெட் ஞாயிறும் திறக்காது. ஸ்டேஷனுக்குள் ஒன்றிரண்டு இருக்கும், விலையும் கூட்டமும் அதற்குத் தகுந்த மாதிரி.

மரியா தெரசா சதுக்கத்தில் ராணி சிலையின் இரண்டு பக்கமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு மியூசியம் நிற்கும். ஒன்றுக்கு மட்டும் டிக்கெட் எடு. என்னைக் கேட்டால் ஓவியம் இருக்கிற பக்கம் போ. அங்கேயும் ஓவியர் புரூகெலின் அறைக்கு முதலில் போ. பாபேல் கோபுரம் என்று 1563-இல் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. கிட்டே போனால் கொத்தனார், கல் ஏற்றும் ராட்டினம், சாரம், கூரை போட்ட குடிசை என்று எறும்பு அளவில் ஒரு கட்டட வேலையே நடந்துகொண்டிருக்கும். எங்கள் கோஷ்டியில் இருந்த சிவில் இன்ஜினியர் அதன் முன்னாலிருந்து நகரமாட்டேன் என்றான். வெளியே வந்து அந்தச் சிலைக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். போலீஸ்காரர் ஒருவர் கடந்து போகும்போது வாசனைக்குத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டேட் ஆபராவில் நின்று பார்க்கிற டிக்கெட்டுக்கு முயற்சி செய். உட்காரும் டிக்கெட் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். நிற்கிற இடமோ உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்கும். இடம் பிடித்ததும் முன்னால் இருக்கும் கம்பியில் ஸ்கார்ஃபைக் கட்டிவிட்டால் அது உன் இடம், அதை யாரும் தொடமாட்டார்கள். அந்த மரியாதை அங்கே பழக்கத்தில் இருக்கிறது. உன் துப்பட்டாவே போதும். ஜூலை, ஆகஸ்டில் மூடிவிடுவார்கள், நீ போகிற நேரம் நல்ல நேரம். 1945 மார்ச்சில் குண்டு விழுந்து எரிந்து, பத்து வருஷம் கழித்துத் திறந்த கட்டடம் அது. முழுக்கப் பார்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கால் வலித்தால் இடைவேளையில் கிளம்பிவிடலாம்.

ஞாயிறு காலை பிராட்டிஸ்லாவா. பையை ஸ்டேஷனிலேயே வைத்துவிட்டு இறங்கி நட. உன் பட்டியலில் அதற்கு 'மதியச் சாப்பாடு' என்று மட்டும் போட்டிருக்கிறாய். எனக்கு மனசு கேட்கவில்லை. 1563 முதல் 1830 வரை ஹங்கேரி ராஜாக்களுக்கு முடிசூட்டியது இந்த ஊர் மார்ட்டின் பேராலயத்தில். கோபுர உச்சியில் சிலுவைக்குப் பதில் மெத்தைமேல் வைத்த தங்கக் கிரீடம் இருக்கும். ஊர்வலம் போன பாதை முழுக்கத் தெருக் கல்லுக்கு நடுவே உள்ளங்கை அளவில் பித்தளைக் கிரீடங்களைப் பதித்திருக்கிறார்கள். வரைபடம் வேண்டாம், தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும். மரியா தெரசா 1741-இல் இங்கே முடிசூடியபோது அவருக்கு 24 வயது, உன் வயசு. குதிரைமேல் மேட்டில் ஏறி நாலு திசையிலும் வாளை வீசிக் காட்ட வேண்டுமென்பது சடங்கு. அதையும் செய்தார். பேராலயத்தை உரசிக்கொண்டு ஒரு பெரிய சாலை போகும், பார்த்தாலே கோபம் வரும். 1972-இல் திறந்த பாலத்துக்காக வழிவிட யூதர் குடியிருப்பையும் அவர்கள் தொழுகைக் கூடத்தையும் இடித்துப் போட்ட சாலை அது.

அங்கிருந்து புடாபெஸ்டுக்கு ரயிலில்தான் போக வேண்டும், இதில் பஸ் பேச்சே வேண்டாம். வலப்பக்க ஜன்னல் இடம் பிடி. ஸ்துரோவோ ஸ்டேஷன் தாண்டும்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் எஸ்டெர்கோம் பேராலயத்தின் பெரிய குவிமாடம் தெரியும். அந்த இரண்டு ஊரையும் சேர்த்த பாலத்தை 1944-இல் ஜெர்மன் படை தகர்த்தது. திரும்பக் கட்டித் திறந்தது 2001-இல்! அப்புறம் ரயில் ஆற்றோடு சேர்ந்து வளைந்து போகும். அந்த நேரம் பார்த்துத் தூங்கிவிடாதே.

புடாபெஸ்டில் ராத்திரி ரெண்டாம் நம்பர் டிராமில் பெஸ்ட் கரையோரமாகப் போய் வாருங்கள். எதிர்க்கரையில் கோட்டை விளக்கு, இந்தப் பக்கம் நாடாளுமன்றம். படகு சவாரிக்குக் கேட்கிற காசில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. நாடாளுமன்றத்துக்குக் கொஞ்சம் தெற்கே கரையில் இரும்புச் செருப்புகள் வைத்திருப்பார்கள். 1944-45-இல் யூதர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லி ஆற்றில் சுட்டுத் தள்ளிய இடம். அங்கே செல்ஃபி வேண்டாம் என்று உன் தோழிகளிடமும் சொல்லிவிடு.

மெட்ரோவில் காகித டிக்கெட் எடுத்தால் மெஷினில் முத்திரை குத்த மறக்காதே. பரிசோதகர்கள் வாசலிலேயே நிற்பார்கள், மாணவர் என்றெல்லாம் இரக்கம் கிடையாது. மஞ்சள் நிற ஒன்றாம் லைன் 1896-இல் ஓட ஆரம்பித்தது, தீவான பிரிட்டனை விட்டுவிட்டால் ஐரோப்பாவிலேயே பழைய மெட்ரோ சுரங்க ரயில். பணம் எடுக்கும் மெஷின், "யூரோவிலேயே கழிக்கட்டுமா?" என்று குழைந்து கேட்கும். வேண்டாம், அந்த ஊர்ப் பணமான ஃபோரின்ட்டிலேயே எடு. அங்கேதான் ஆளை விழுங்குவார்கள். சைவம் சாப்பிடுகிற அந்தத் தோழிக்கு லாங்கோஷ் வாங்கிக் கொடு. பூரி மாதிரிப் பொரித்து, மேலே பூண்டும் பாலாடையும் சீஸும். ஒன்று சாப்பிட்டால் மதியம் ஓடிவிடும்.

வெந்நீர் ஊற்றுக் குளியலில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. எல்லோரும் போகிற செச்செனி அழகுதான், ஆனால் நான் சொன்ன கதைக்கு முடிவு ருடாஸில் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் துருக்கிய பாஷா கட்டியது. எண்கோணத் தொட்டி, மேலே குவிமாடம், அதில் சின்னச் சின்ன வண்ணக் கண்ணாடி ஓட்டைகள் வழியாக வெளிச்சம் விழும். சில நாள் ஆண்களுக்கு மட்டும், சில நாள் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்குவார்கள், பார்த்துவிட்டு நேரத்தை வை. பெந்தெகொஸ்தே ஞாயிறும் திங்களும் அங்கே லீவு என்பதால் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், தேவையானதைச் சனிக்கிழமையே வியன்னாவில் வாங்கிவிடு.

திரும்பும்போது அந்த ராத்திரி பஸ்ஸை ரத்து செய். திங்கள் மதியம் கெலெட்டி ஸ்டேஷனிலிருந்து மியூனிக்குக்கு நேர் ரயில் இருக்கிறது, ஏழு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ராத்திரி உன் கட்டிலிலேயே தூங்கலாம். டிக்கெட் வித்தியாசத்தை நான் அனுப்புகிறேன். "வேண்டாம்ப்பா" என்று ஆரம்பிக்காதே, சால்ஸ்பர்க் செலவு மிச்சமானதில் பாதி அதிலேயே சரியாகிவிடும்.

புளிக்காய்ச்சல் பாட்டில் உன்னிடம் இன்னும் இருக்கிறதா என்று அம்மா கேட்கிறாள். ஹாஸ்டல் இரண்டின் விலாசத்தையும் வியாழக்கிழமைக்குள் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடு. எனக்கு மட்டும் தனியாக அனுப்பினால் அதற்கு வேறு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அப்பா