மாலைக்கண் என்றாலே கேரட்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் மாலைக்கண் பற்றிய குறிப்பைப் படித்தேன். கேரட், முருங்கைக்கீரை, பப்பாளி, ஈரல் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று முடித்திருந்தீர்கள். வைட்டமின் ஏ குறைவால் வருகிற மாலைக்கண்ணுக்கு அது சரி. அந்தக் குறைவு எத்தனையோ குழந்தைகளின் பார்வையையே பறித்திருக்கிறது. அதனால்தான் 1970-இல் தொடங்கிய தேசியத் திட்டப்படி 9-ஆம் மாதத்தில் ஒரு லட்சம் யூனிட், அப்புறம் 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் யூனிட் வைட்டமின் ஏ மருந்து கொடுக்கிறார்கள்.

ஆனால் இருட்டில் கண் தெரியாத எல்லோருக்கும் காரணம் சத்துக்குறைவு அல்ல. கண்புரை இருக்கலாம், கடுமையான கிட்டப்பார்வை இருக்கலாம். என் தம்பிக்கு இருப்பது ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் விழித்திரைச் செல்கள் மரபணுக் கோளாறால் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துவிடும். உலகில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. மாமன், அத்தை பிள்ளைகள் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்கிற குடும்பங்களில் வாய்ப்பு இன்னும் கூடுதல். எத்தனை கீரை சாப்பிட்டாலும் இது மாறாது. கீரையால் கெடுதல் இல்லை, சரி. வைட்டமின் ஏ மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்குவதுதான் ஆபத்து. அது உடம்பில் தேங்கும். அளவு மிஞ்சினால் கல்லீரலைக் கெடுக்கும், கர்ப்பிணியின் வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும்.

தம்பி பகலில் பேப்பர் படிப்பான், பஸ் போர்டைத் தூரத்திலேயே சொல்லிவிடுவான். ஆனால் பக்கத்தில் நிற்கும் குழந்தை மேல் மோதிவிடுவான். இந்த நோயில் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். அது தெரியாமல் "நடிக்கிறான்" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. இதையும் எழுதியிருக்கலாமே என்றுதான் வருத்தப்பட்டேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், இரண்டில் நன்றாகத் தெரியும் கண்ணின் பார்வைப் பரப்பு (கண்ணை அசைக்காமல் நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரிகிற அளவு) 40 டிகிரிக்குக் கீழே சுருங்கினாலே குறைபார்வைதான். 10 டிகிரிக்கும் குறைந்தால் பார்வையின்மை. கண் மருத்துவரின் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தாலும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்க வழி இருக்கிறது. அதற்குப் பார்வைப் பரப்புப் பரிசோதனை செய்ய வேண்டும். இந்த விவரம் தெரியாமல் சலுகையை விட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

அடுத்த இதழில் ஒரு விழித்திரை மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். மாலையில் தடுமாறும் பிள்ளையை முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள் என்ற இரண்டு வரியாவது வரட்டும். கூடவே, கையை நீட்டித் தடவிக்கொண்டு தூணில் முட்டும் ஆளைக் கேலிச்சித்திரமாகப் போடுவதையும் நிறுத்துங்கள். தம்பி அந்தப் பக்கத்தைப் பார்த்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்.