மூன்றாம் மாடி ரீச்சருக்கு ஒரு நாய்: தொடர்மாடி முகாமைத்துவக் குழுவுக்குத் திறந்த மடல்

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் முகாமைத்துவக் குழுவினருக்கு வணக்கம்.

கட்டடத்தின் பெயரை எழுதவில்லை. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிற பல கட்டடங்களில் இதே கதைதான்.

உங்கள் மூன்றாம் மாடி ரீச்சர் ஒரு நாயைத் தத்தெடுக்க அனுமதி கேட்டார். "செல்லப்பிராணிகளுக்கு இடமில்லை" என்று ஒரு வரியில் பதில் கொடுத்தீர்கள். அந்த நாய் என்னிடம் இருக்கிறது.

பெயர் செம்பி. வைகாசி மழையில் மரைன் டிரைவில் ஏதோ வாகனம் அடித்துவிட்டுப் போக, தண்டவாளப் பக்கம் கல்லுகளுக்கிடையில் கிடந்தாள். ஓட்டோக்காரர் ஒருவர் தன் துவாயில் சுற்றித் தூக்கித் தந்தார். பின்னங்காலுக்குக் கம்பி வைத்து, கருத்தடை செய்து, விசர்நாய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று. இப்போது நன்றாக நடக்கிறாள். படி ஏறும்போது மட்டும் அந்தக் காலைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு கணம் யோசிப்பாள்.

ஆறு மாதமாக வீடு தேடினேன். வருகிறவர்கள் குட்டி கேட்கிறார்கள், அதிலும் கடுவன் குட்டி. இல்லையென்றால் சாதி நாய். வளர்ந்த ஊர்நாய், அதுவும் பெட்டை என்றதும் பேச்சு நின்றுவிடுகிறது. காவலுக்கு வேண்டும் என்று வந்த இரண்டு பேருக்கு நானே கொடுக்கவில்லை. நாள் முழுக்கச் சங்கிலியில் கிடப்பதற்காக அவளைக் காப்பாற்றவில்லை.

அப்புறம்தான் ரீச்சர் வந்தார். செம்பி கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். ரீச்சர் கூப்பிடவே இல்லை. கதிரையை விட்டுவிட்டு நிலத்தில் இருந்து பேப்பர் வாசித்தார். அரை மணித்தியாலம் கழித்து மெல்ல மூக்கு வெளியே வந்தது, பிறகு தலை. கடைசியில் அவருடைய செருப்பின்மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டாள். என்னிடம் அப்படி வர அவளுக்கு மூன்று கிழமை எடுத்தது. ரீச்சரின் பிள்ளைகள் எல்லோரும் கனடாவில். பின்னேரம் கதைக்க ஆளில்லாத வீடு எப்படியிருக்கும் என்று உங்களுக்கும் தெரியும்.

உங்கள் கவலைகளை நான் தட்டிவிடவில்லை. இரண்டாம் மாடியில் தொழுகிற குடும்பம் இருக்கிறது, நாயின் எச்சில் படுவது அவர்களுக்குச் சங்கடம். ஐந்தாம் மாடிப் பிள்ளைக்கு நாயென்றால் பயம். இரண்டும் நியாயம். அதனால் ரீச்சர் லிஃப்டைத் தவிர்த்துப் பின்படியால் இறங்குவதாகச் சொல்லியிருக்கிறார். நாய் எப்போதும் கயிற்றில் இருக்கும். அசுத்தத்தை அவரே அள்ளுவார். தடுப்பூசி அட்டையின் பிரதியை வருடாவருடம் உங்களிடம் தருவார்.

விசர் நோய் பற்றியும் ஒருவர் கேட்டாராம். அறிகுறி வந்தபின் ஆளைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது, பயப்படத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து ஊசிதான். 2006இல் இருந்து இந்த நாட்டில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதில்லை. அவை நம் வாசலில்தான் இருக்கப்போகின்றன. ஊசி போட்டதா இல்லையா என்று தெரியாத நாய் கேட்டடியில் படுப்பதைவிட, ஊசி போட்ட நாய் மூன்றாம் மாடியில் படுப்பது உங்கள் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

விதியை முழுவதும் நீக்கச் சொல்லவில்லை. விதிகளைக் கூடிப் பேசித் திருத்த உங்களுக்கு இடமிருக்கிறது. இரண்டு மாதம் பரீட்சார்த்தமாக விட்டுப் பாருங்கள். குரைத்துத் தொல்லை கொடுத்தால், யாருக்காவது இடைஞ்சல் என்றால், நானே வந்து திரும்பக் கூட்டிக்கொண்டு போகிறேன். எழுதிக் கையெழுத்துப் போட்டும் தருகிறேன்.

அடுத்த கூட்டத்தில் இதை எடுங்கள். அன்றைக்குச் செம்பியைக் கீழே கார் தரிப்பிடத்துக்குக் கூட்டிவருகிறேன், பார்க்க விரும்புகிறவர்கள் இறங்கி வந்து பார்க்கலாம். ரீச்சர் விட்டுப்போன பழைய சேலைத்துண்டில்தான் இப்போது அவள் படுக்கிறாள். கேட்டில் ரீச்சரின் குடை தட்டுப்படுகிற சத்தம் கேட்டால் போதும், எழுந்து நின்றுவிடுவாள்.

இப்படிக்கு,
செம்பியைத் தற்போது வைத்திருப்பவர்,
தெகிவளை