'புரையேறிச் சாவு' என்று எழுதிவிட்டால் போதுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். 'பால் குடித்த குழந்தை புரையேறிச் சாவு' என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. இன்று பென்னாகரம் என்றால் நாளை அஞ்செட்டி; ஊர் மாறுகிறதே தவிர வாசகம் மாறுவதில்லை. இறந்த குழந்தையின் மூக்கிலும் வாயிலும் பால் இருப்பது புரையேறியதற்குச் சான்று ஆகாது. உயிர் பிரியும்போதும், நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யும்போதும், தோளில் போட்டுக்கொண்டு ஓடும்போதும் இரைப்பையில் இருப்பது மேலே வரும். குழந்தை எதனால் இறந்திருந்தாலும் இது நடக்கும்.

நம் பகுதிக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் தர்மபுரிக்கும் வந்தது. சிசுக்கொலை நடக்கும் பகுதி என்ற அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. இறந்தது பெண் என்றால் ஊர் தாயைப் பார்க்கிறது. ஆண் என்றால் 'விதி' என்று பொழுது சாய்வதற்குள் புதைத்துவிடுகிறார்கள். இரண்டிலுமே காரணம் தெரியாமல் போகிறது.

'திடீர்ச் சிசு மரணம்' என்று மருத்துவத்தில் சொல்வதற்கும் நிபந்தனை உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுப் பிரேதப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். இறந்த இடத்தை நேரில் பார்த்திருக்க வேண்டும். நோய் வரலாற்றையும் கேட்டிருக்க வேண்டும். மூன்றும் முடிந்து காரணம் பிடிபடாவிட்டால்தான் அந்தச் சொல்லை எழுதலாம். 2 முதல் 4 மாதக் குழந்தைகளிடம்தான் இது அதிகம்.

இந்த மூன்றில் இடத்தைப் பார்ப்பதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. படுக்கையைச் சுருட்டி, துணியைத் துவைத்து, உடலைக் குளிப்பாட்டிய பிறகு வரும் காவலர் என்ன பார்ப்பார்? ஓரிரு நாளுக்குள் அதே அறையில், அதே பாயில், குழந்தை அளவுள்ள துணிப்பொம்மையைத் தாயிடமோ கடைசியாகப் படுக்கவைத்தவரிடமோ கொடுத்து, 'எப்படிக் கிடத்தினீர்கள், எப்படிக் கிடந்தது' என்று செய்து காட்டச் சொல்ல வேண்டும். இரண்டையும் படம் எடுக்க வேண்டும். குப்புறக் கிடந்ததா, ஒருக்களித்து மூக்கு தலையணையில் புதைந்திருந்ததா என்பது வாய்ப்பேச்சில் தெளிவாகாது, பொம்மையில் தெரிந்துவிடும். குற்றவாளியை நடித்துக் காட்டச் சொல்வது போல இதை நடத்தினால் எந்தத் தாயும் உண்மையைச் சொல்ல மாட்டாள். கிராம சுகாதார செவிலியர் உடன் இருப்பது நல்லது.

உடலும் சாட்சி சொல்லும். இறந்தபின் ரத்தம் கீழ்ப்பக்கம் தேங்கிச் செவ்வூதாவாகத் தெரியும். ஏறத்தாழ 8 முதல் 12 மணி நேரத்தில் அது நிலைத்துவிடும். முகத்தில் அந்த நிறமும், மூக்கைச் சுற்றி மட்டும் வெளிறிய திட்டும் இருந்தால், முகம் எதன் மீதோ அழுந்திக் கிடந்திருக்கிறது என்று பொருள். அது இறந்த பிறகு அழுந்தியதாகவும் இருக்கலாம். அதனால்தான் பொம்மையோடு ஒப்பிடச் சொல்கிறோம்.

பிரேதப் பரிசோதனையில் கத்தி வைக்கும் முன் முழு உடலுக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நுரையீரல், இதயம், மூளைத் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டும் வழக்கம் உள்ள நம் பகுதியில் பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறை (உணவை உடல் சரியாகப் பயன்படுத்த முடியாத பரம்பரைக் குறையை) மறக்கவே கூடாது. வடிதாள் அட்டையில் சில சொட்டு ரத்தம் விட்டு, நிழலில் உலர்த்தி, உறையிலிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் அவற்றில் பலவற்றைக் கண்டறியலாம். ஒரே வீட்டில் இரண்டாவது குழந்தையும் இறந்தால் இதுவும், இதயத் துடிப்பில் பரம்பரைக் கோளாறு உண்டா என்று பார்க்க உடன்பிறந்தோருக்கு இ.சி.ஜி.யும் கட்டாயம் வேண்டும்.

நுண்ணோக்கி இல்லாமல் தெரியாத இன்னொன்று எண்ணெய். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும், தொண்டையில் விளக்கெண்ணெய் ஊற்றுவதும் இன்னும் நடக்கிறது. தண்ணீர் போனால் குழந்தை இருமும். எண்ணெய் இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். கிழவிகள் கோபித்துக்கொண்டாலும் சரி, இதை நிறுத்தத்தான் வேண்டும்.

தூளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூளியே கூடாது என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. பச்சைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்து நிற்காது. துணி தொய்ந்தால் தாடை நெஞ்சில் முட்டி மூச்சுக்குழாய் மடங்கும், சத்தமே வராது. குறுக்குக் கட்டை வைத்தாலும் அடிப்பக்கம் தொய்யும். எனவே தூளியில் கிடக்கும்வரை ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், முகம் கண்ணில் பட வேண்டும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். தூங்கியதும் எடுத்துத் தட்டையான, மெத்தென்று இல்லாத படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள். இலவம்பஞ்சு, கடுகுத் தலையணை எதுவும் வேண்டாம். அறைக்குள் பீடி, சாம்பிராணிப் புகை வேண்டாம். தாயின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் கிடத்துவது நல்லது. குடித்துவிட்டு வந்தவர் பக்கத்தில் ஒருபோதும் போடாதீர்கள்.

மல்லாக்கப் படுத்தால் புரையேறும் என்ற பயம் வேண்டாம். அப்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலேறித்தான் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டும். குப்புறப் படுத்தால்தான் அது தலைகீழாகிறது.

பால் குடிக்க மறுப்பது, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு (இரண்டு மாதம் முடிந்த குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேல்), நெஞ்சு உள்வாங்குவது, வலிப்பு, உடல் சில்லிடுவது இவற்றில் ஒன்று இருந்தாலும் மந்திரிக்கவோ தொக்கம் எடுக்கவோ போகாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

பரிசோதனை அறிக்கை காவல் நிலையக் கோப்போடு நின்றுவிடக் கூடாது. அதன் நகலைப் பெற்றோருக்குக் கொடுத்து, குழந்தை மருத்துவர் ஒருவர் தமிழில் விளக்க வேண்டும். அடுத்த கர்ப்பத்துக்குப் பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) பதியும்போது அந்தத் தாய் அதைச் செவிலியரிடம் காட்ட முடிய வேண்டும்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தை நலப் பணியில் உள்ளோர்,
தர்மபுரி.