அப்பாவுக்கு, வேல்ஸின் அபெரிஸ்ட்வித்திலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலிக்குத் தைலத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

போனில் பேசினால் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதிலேயே நேரம் போய்விடுகிறது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். இத்தனை வருஷம் கிராமத்துப் பிறப்பு இறப்புப் பதிவேட்டை எழுதிய உங்களுக்குத்தான் இது முழுசாகப் புரியும்.

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எல்லாரும் என்னை உங்கள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இனிஷியலை விரித்து எழுதியதில் அது குடும்பப் பெயராகிவிட்டது. ஆரம்பத்தில் யாரோ உங்களைத் தேடுவதுபோலத் திரும்பிப் பார்ப்பேன். நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "எங்கள் வழக்கமும் அதுதானே" என்றார். வேல்ஸ்காரர்களுக்கும் முன்பு குடும்பப் பெயர் கிடையாதாம். 'அப்' என்றால் மகன், 'வெர்க்' என்றால் மகள். ரீஸின் மகன் அப் ரீஸ். அதுவே தேய்ந்து பிரைஸ் ஆனது. அப் ஹவெல், பவெல் ஆனது. இந்தப் பகுதியில் போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டிலும் இந்தப் பழக்கம் இருந்திருக்கிறது. ஈவானின் மகன் டேவிட் என்றால் டேவிட் ஈவான்ஸ். அந்த டேவிட்டின் மகன் ஜான் என்றால் ஜான் டேவிஸ். தலைமுறைக்கு ஒரு பெயர் மாறும், நம்மைப் போலவே.

அந்த அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. தன் முன்னோர்கள் எந்தப் பண்ணையில் இருந்தார்கள் என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது பல வருஷ ஆசை. இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. அதனால் எனக்கு லீவு கிடைக்கும் நாளில் இரண்டு பேரும் மலைமேல் இருக்கும் தேசிய நூலகத்துக்குப் போகிறோம். ஜன்னல் வழியே கீழே ஊரும் கடலும் தெரியும். பென்சில் மட்டும்தான் உள்ளே கொண்டுபோகலாம். பழைய பதிவேடுகளைப் படம்பிடித்து வைத்திருக்கும் மைக்ரோஃபிலிம் சுருளை நான் உருட்டி உருட்டி வாசிப்பேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவருடைய பூர்வீகம் லான்தெவி பிரெவி. 'லான்' என்றால் தேவாலயம் இருக்கும் இடம். அந்த 'லா'வைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. நாக்கை லகரத்துக்கு வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் காற்றை மட்டும் பக்கவாட்டில் விட வேண்டும். வேல்ஸின் காவல் புனிதரான டேவிட் அங்கே பிரசங்கம் செய்தபோது, எல்லாருக்கும் தெரியும்படி அவர் காலடியில் நிலம் மேடாக எழும்பியது என்று சொல்வார்கள். தேவாலயம் இன்றும் ஒரு மேட்டின் மேல்தான் நிற்கிறது.

பதிவேட்டு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியைப் பங்கு என்பார்கள். அந்தப் பங்குத் தேவாலயங்கள் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று 1538-லேயே உத்தரவு வந்துவிட்டது. அப்புறம் வருஷா வருஷம் ஒரு நகலை பிஷப்புக்கு அனுப்ப வேண்டும் என்றும் வந்தது. நீங்கள் தாலுகா ஆபீசுக்கு அனுப்புவீர்களே, அதேதான். மூலம் செல்லரித்துப் போன இடங்களில் அந்த நகல்தான் கைகொடுக்கிறது. 1733 வரை லத்தீனில்கூட எழுதியிருப்பார்கள். 1752-க்கு முன்னால் வருஷம் மார்ச் 25-ல்தான் பிறக்கும். அதனால் 1740 பிப்ரவரி, 1740 டிசம்பருக்குப் பின்னால் வருகிறது. முதலில் குழம்பிப்போனேன். சித்திரையில் வருஷம் பிறக்கும் ஊர்க்காரிதானே என்று நினைத்துக்கொண்டதும் சரியாகிவிட்டது.

1813-லிருந்து அச்சடித்த படிவம். பக்கத்துக்கு எட்டுப் பதிவு. குழந்தை பெயர், பெற்றோர் பெயர், இருப்பிடம், தொழில் என்று கட்டம் கட்டமாக இருக்கும். இதில் இருப்பிடக் கட்டம்தான் எங்களுக்கு உயிர். ஒரே பங்கில் ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருப்பதால், பண்ணையின் பெயர் தெரியாமல் ஆளைப் பிடிக்கவே முடியாது. 'பிரின்' என்றால் குன்று, 'நான்ட்' என்றால் ஓடை. நம் பக்கம் ஓடைக்காட்டு வீடு, கிணற்றடி வீடு என்று சொல்வதைப் போலத்தான். ஆனால் ஜனங்கள் பேசியது வெல்ஷ், எழுதியது இங்கிலீஷ். காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால் ஒரே பண்ணை மூன்று விதமாக வருகிறது. சத்தமாக வாசித்தால் அந்த அம்மா சட்டென்று அடையாளம் கண்டுவிடுவார். கண்ணால் தேடியிருந்தால் நான் தவறவிட்டிருப்பேன்.

நடுவில் ஓர் இடத்தில் குடும்பமே காணாமல் போய்விட்டது. பிள்ளைகளின் ஞானஸ்நானம் ஒன்றுகூட இல்லை. காரணம் பக்கத்து ஊரான லாங்கெய்த்தோ. டேனியல் ரோலண்ட் என்ற போதகர் 1790-ல் இறக்கும் வரை அங்கே பிரசங்கம் செய்தார். அதைக் கேட்க ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்திருக்கிறார்கள். அவர் வழியில் போன கிறிஸ்தவர்களுக்கு மெதடிஸ்டுகள் என்று பெயர். அவர்கள் 1811-ல் தனிச் சபையாகப் பிரிந்துவிட்டார்கள். அதன்பின் ஞானஸ்நானம் அவர்களுடைய சேப்பலில், அதாவது அவர்களுடைய சொந்த ஜெபக்கூடத்தில். அந்தப் புத்தகங்களில் பல 1837-ஐ ஒட்டி அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டு, இப்போது லண்டனில் இருக்கின்றன. கல்யாணத்தை மட்டும் 1837 வரை தேவாலயத்தில்தான் நடத்தியாக வேண்டும். அதனால் அங்கே தேடினோம்.

கிடைத்தது. 1820-களில் ஒரு கல்யாணம். அந்த அம்மாவுடைய பாட்டியின் பாட்டி. மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டிருக்கிறார். மணப்பெண்ணின் பெயரைப் பாதிரியார் எழுதி, நடுவில் இடம் விட்டிருக்கிறார். அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. முதல் கோடு நடுங்கி நடுங்கி இறங்குகிறது. இரண்டாவது கோட்டில் பேனாவை அழுத்திவிட்டாள் போல, முனையில் மை குளம் கட்டியிருக்கிறது. நான் அதைப் பெரிதாக்கிக் காட்டினேன். அந்த அம்மா திரையைத் தொடாமல், அதற்கு மேலே விரலால் அதேபோல இரண்டு கோடு போட்டுப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை.

எனக்கு நம் வீட்டுத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. புருஷன் செத்ததைப் பதிய வந்த ஒரு பாட்டி, அவர் பெயரை வாயால் சொல்லமாட்டேன் என்று நின்றாளே! நீங்கள் அதட்டாமல், பக்கத்து வீட்டுக்காரரை வரவழைத்துக் கேட்டு எழுதினீர்கள். அப்புறம் அவள் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி வைத்தீர்கள். விரலைத் துடைக்கத் துணியும் கொடுத்தீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை லான்தெவி பிரெவிக்கே போய்விட்டு வந்தோம். கல்லறைக் கற்களில் நிறைய வெல்ஷ்தான். 'எர் கோவ் அம்' என்று தொடங்கும். 'நினைவாக' என்று அர்த்தம். தூறலில் நனைந்த பலகைக்கல்லில் எழுத்து நன்றாகத் தெரிகிறது. இங்கே கல்யாணத்துக்குப் பிறகும் பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே குறிப்பிடும் வழக்கம் இருந்ததாம், சில கற்களில் அப்படியே இருக்கிறது. பெருக்கல் குறி போட்ட அந்த மணப்பெண்ணின் கல் கிடைக்கவில்லை. பாசி படிந்த வரிசை இன்னும் பாக்கி இருக்கிறது.

திரும்பி வரும்போது அவர் கேட்டார்: "உன் பாட்டியின் பாட்டி பெயர் என்ன?" எனக்குத் தெரியவில்லை, அப்பா. ஆச்சியின் பெயர் தெரியும், அவருடைய அம்மா பெயர்கூடத் தெரியாது.

பரணில் தாத்தாவின் தகரப்பெட்டி இருக்கிறதல்லவா? அதில் உள்ள பழைய பத்திரங்களில் பெண்களின் கைரேகை இருக்கும் பக்கங்களைத் தேடிப் பாருங்கள். பக்கத்தில் பெயர் எழுதியிருப்பார்கள். பெரியத்தைக்கும் சிலது ஞாபகம் இருக்கலாம், அவர் நன்றாகப் பேசும்போதே கேட்டுவிடுங்கள். போட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி. ஆனால் பெயர்களை மட்டும் உங்கள் கையால், அந்தப் பதிவேட்டு எழுத்தில் எழுதித் தபாலில் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பாப்பா